பத்து யூரோவுக்குள் நல்ல வைன்: பாரிஸ் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

பாரிஸில் ஒரு சின்ன உணவகத்தில் பாத்திரம் கழுவத் தொடங்கி, பிறகு வெங்காயம் வெட்டி, இப்போது மேசைகளுக்கு வைன் ஊற்றுகிற வேலைக்கு வந்திருக்கிறேன். அன்றிலிருந்து சனிக்கிழமை பின்னேரமானால் தொலைபேசி அடிக்கும். யாராவது ஒரு நண்பர் சுப்பர்மார்க்கெட்டில் வைன் தட்டுக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பி, “இதோ, அதோ?” என்று கேட்பார். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட விதமாகவே எழுதி வைத்திருக்கிறேன். குடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் இது. இல்லாதவர்கள் இதைப் படித்துத் தொடங்க வேண்டியதில்லை.

அண்ணை, முந்நூறு போத்தல் அடுக்கியிருக்கு. எங்கையிருந்து தொடங்கிறது?

மூன்று பெயரைப் பாடமாக்குங்கள். சிவப்பு என்றால் கோட் து ரோன். கிரெனாஷ், சிரா என்ற திராட்சைகள். பழச்சுவை, கொஞ்சம் மிளகு வாசம், யாருக்கும் பிடிக்காமல் போவது குறைவு. பாரமில்லாத சிவப்பு வேண்டுமென்றால் போஜொலே வில்லாஜ். கமே என்ற திராட்சையில் செய்வது, துவர்ப்பு மிகக் குறைவு. வெள்ளை என்றால் முஸ்கடே, அதிலும் ‘சுய்ர் லி’ என்று எழுதியிருப்பது. லுவார் ஆறு கடலில் சேரும் நாந்த் பக்கத்தில் விளைவது. புளித்து முடிந்த பிறகும் அடியில் தங்கிய ஈஸ்ட் மண்டியோடேயே குளிர்காலம் முழுக்கக் கிடக்கும். அதனால் மெல்லிய வைனுக்கும் கொஞ்சம் பிடிப்பு வரும்.

மூன்றும் ஐந்திலிருந்து எட்டு யூரோவுக்குள் நல்லதாகக் கிடைக்கும். இந்த மூன்றையும் நாலைந்து தரம் குடித்துவிட்டு வாருங்கள். அதற்குள் உங்களுக்குப் பிடித்தது புளிப்பா, துவர்ப்பா, பழச்சுவையா என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மிச்சம் எல்லாம் அதிலிருந்துதான்.

மூண்டு யூரோ போத்தலுக்கும் ஆறு யூரோ போத்தலுக்கும் உண்மையா வித்தியாசம் இருக்கோ, கடைக்காரன்ரை விளையாட்டோ?

இருக்கிறது. மற்ற எந்த இரண்டு விலைக்கும் இடையில் இருப்பதைவிட இங்கேதான் அதிகம். கணக்கைப் பாருங்கள். மூன்று யூரோவில் 50 சென்ட் வரி, ஆறு யூரோவில் ஒரு யூரோ. ஆனால் கண்ணாடிப் போத்தல், தக்கை, லேபல், பெட்டி, லொறிக் கூலி எல்லாம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே செலவு. அதையும் கடையின் பங்கையும் கழித்தால், மூன்று யூரோ போத்தலில் உள்ளே இருக்கும் திரவத்துக்கு மிஞ்சுவது சில்லறைதான். ஆறு யூரோவில் அந்தப் பங்கு இரண்டு மடங்கு அல்ல, அதற்கும் மேலாக ஏறுகிறது.

பன்னிரண்டு பதினைந்து யூரோவைத் தாண்டினால் கதை மாறும். ஊரின் பெயர், புதுப் பீப்பாய், பாரமான போத்தல் என்று காசு வேறு திசைகளிலும் போகத் தொடங்கும். தினச் சாப்பாட்டுக்கு ஐந்திலிருந்து பத்துக்குள் நில்லுங்கள். பிரான்ஸில் வைனுக்கான தனித் தீர்வை ஒரு போத்தலுக்கு ஏறத்தாழ மூன்று சென்ட்தான். லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பெருமூச்சு விடுவார்கள்.

ஏ.ஓ.பி, ஐ.ஜி.பி எண்டு ஒவ்வொண்டிலை ஒவ்வொண்டு போட்டிருக்கு. ஏ.ஓ.பி எண்டால் கட்டாயம் நல்லதுதானே?

இல்லை. ஏ.ஓ.பி என்பது எங்கே விளைந்தது, எந்தத் திராட்சை, ஏக்கருக்கு எவ்வளவு அறுக்கலாம் என்ற கட்டுப்பாடுகளின் பெயர். 1935இல் பிரான்ஸ் ஏ.ஓ.சி என்று தொடங்கிய ஏற்பாட்டின் ஐரோப்பிய வடிவம். ஐ.ஜி.பி கொஞ்சம் தளர்வானது, பெரிய பிரதேசம். ‘வன் து ஃபிரான்ஸ்’ இன்னும் தளர்வு, நாட்டின் எந்த மூலைத் திராட்சையும் சேரலாம்.

விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தும் சுவையில்லாத வைன் செய்யலாம். சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைக்கிற எல்லாருடைய கறியும் வாய்க்கிறதா? தெற்கே லாங்டொக் பக்கத்து ‘பேய் தொக்’ ஐ.ஜி.பி வைன்கள், ஐந்து யூரோவுக்குக் கிடைக்கிற பெயர் பெற்ற பல ஏ.ஓ.பி-க்களைவிட எனக்குப் பிடிக்கும். லேபலில் திராட்சையின் பெயரும் பெரிதாக இருக்கும், புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது வசதி.

சான்சேர் குடிச்சனான், நல்லாயிருந்தது. ஆனா விலை கட்டாது. அதைப்போல மலிவா ஒண்டு சொல்லுங்கோ.

இந்தக் கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுதத் தொடங்கினேன். புகழ்பெற்ற ஊரை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்து ஊரில் வாங்குங்கள். மண்ணும் வெயிலும் வேலி போட்ட இடத்தில் நிற்பதில்லை. விலைதான் அங்கே நிற்கிறது.

சான்சேர் என்பது லுவார் பக்கத்து ஊர். அதன் வெள்ளை வைன் சொவிஞோன் பிளான் என்ற திராட்சையில் செய்வது. அதே திராட்சையைச் சான்சேரை ஒட்டிய மெனெத்தூ சலோனிலும், கொஞ்சம் தள்ளி கான்சி, ரெயி என்ற ஊர்களிலும் வளர்க்கிறார்கள். இன்னும் மேற்கே போனால் தூரேன் சொவிஞோன். அவ்வளவு கூர்மை இருக்காது, ஆனால் ஆறேழு யூரோவுக்கு அதைவிட நல்ல வெள்ளை கிடைப்பது கஷ்டம். சிவப்பிலும் இதே கதைதான். ரோன் ஆற்றுப் பக்கத்து ஊரான ஷாத்தோநெஃப் து பாப், பாப்பரசர்கள் அவிஞோனில் இருந்த காலத்துப் புகழில் இன்றும் விலை ஏறி நிற்கிறது. ஆற்றுக்கு அந்தக் கரையில் லிராக் இருக்கிறது. வடக்கே வக்கேராஸ், 2016இல் தனிப் பெயர் பெற்ற கெரான். இவையும் பத்தைத் தாண்டினால், ‘கோட் து ரோன் வில்லாஜ்’ என்று போட்டு அதன்கீழ் ஒரு ஊர்ப் பெயரும் எழுதியிருப்பதை எடுங்கள்.

போர்தோவில் இது இன்னும் நன்றாக வேலை செய்யும். அங்கே புகழ்பெற்ற ஊர் சந்தெமிலியோன். அதன் வடக்கு எல்லையில் பார்பான் என்று ஒரு சிற்றோடை ஓடுகிறது. அதைத் தாண்டினால் மொந்தாஞ், லுசாக். கிழக்கே கஸ்தியோன். எல்லாவற்றிலும் பெரும்பங்கு மெர்லோ என்ற திராட்சைதான். போர்தோவில் இப்போது விற்பதைவிட விளைவது அதிகம். கொடிகளைப் பிடுங்கவே உதவிப் பணம் கொடுக்கிறார்கள். 2023இல் மிஞ்சிய வைனைக் காய்ச்சித் தொழிற்சாலை அற்ககோலாக்க பிரெஞ்சு அரசு 20 கோடி யூரோ வரை ஒதுக்கியது. விவசாயிக்கு அது துயரம். ஆனால் அதன் விளைவாக, நேர்மையான சின்னப் பண்ணைகளின் போர்தோ ஆறு ஏழு யூரோவுக்குத் தட்டில் நிற்கிறது.

பழசுதானே நல்லது? 2015 எண்டு போட்டு நாலு யூரோவுக்கு ஒண்டு கிடக்கு, எடுக்கட்டோ?

வேண்டாம். பத்து வருடம் இருந்து பழுக்கிற வைன் தனி, அதன் விலையும் தனி. நாங்கள் பேசுகிற வைன்கள் ஓரிரு வருடத்தில் குடிக்கச் செய்தவை. ஊரில் காலையில் இறக்கின கள்ளை அடுத்த நாளைக்கு யாரும் எடுத்து வைப்பதில்லையே, அதே கணக்கு. ரோசே (இளஞ்சிவப்பு வைன்) என்றால் போன வருடத்தையது. முஸ்கடே, போஜொலே என்றால் ஒன்றிலிருந்து மூன்று வருடம். சிவப்பு கோட் து ரோன், லாங்டொக் பக்கத்துக் கோர்பியேர் எல்லாம் நாலைந்து வரை பரவாயில்லை. நாலு யூரோவுக்கு 2015 கிடக்கிறது என்றால், அதை இவ்வளவு காலம் ஏன் ஒருவரும் எடுக்கவில்லை என்று யோசியுங்கள்.

தங்கப் பதக்கம் ஒட்டியிருக்கிறதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமோ?

கண்ணைத் திறந்துகொண்டு வாங்கலாம். போட்டிக்கு அனுப்பிய வைன்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பதக்கம் கொடுக்கக்கூடாது என்று இங்கே விதி இருக்கிறது. மூன்றில் ஒன்று என்பதே தாராளம்தான். போட்டிக்கு அனுப்பாதவன் கெட்ட வைன் செய்கிறான் என்றும் இல்லை. பல போட்டிகள் இருக்கின்றன. நான் மதிக்கிறது 1870இல் தொடங்கிய பாரிஸ் கொன்கூர் ஜெனெரால் அக்ரிகோலின் பதக்கத்தை, ஓக் இலை போட்டது. பதக்கத்தில் இருக்கும் வருடத்தையும் போட்டியின் பெயரையும் ஒருமுறை வாசியுங்கள். ஒரே மாதிரி இரண்டு போத்தலுக்கிடையே தடுமாறினால் பதக்கம் உள்ளதை எடுங்கள். அவ்வளவுதான் அதன் பெறுமதி.

‘ஷாத்தோ’, ‘ரிசேர்வ்’, ‘வியேய் வீஞ்’… இதுகளுக்கெல்லாம் ஏதும் அர்த்தம் இருக்கோ?

‘வியேய் வீஞ்’ என்றால் பழைய கொடி. எத்தனை வயதானால் பழசு என்று சட்டம் சொல்லவில்லை. ‘ரிசேர்வ்’, ‘பிரெஸ்தீஜ்’ எல்லாம் அலங்காரம். ஆனால் ஸ்பெயின் வைனில் ‘ரிசேர்வா’ என்றால் காலக் கணக்கு உண்டு: சிவப்பு ரியோஹாவில் கிரியான்சா என்றால் இரண்டு வருடம், ரிசேர்வா என்றால் மூன்று வருடம் வைத்திருந்தே விற்க வேண்டும். ஏழு எட்டு யூரோவுக்குக் கிரியான்சா கண்டால் விடாதீர்கள்.

‘ஷாத்தோ’ என்றதும் கோட்டையை நினைக்க வேண்டாம். பலது ஒரு வீடும் ஒரு கொட்டிலும்தான். நான் பார்ப்பது கீழே சின்ன எழுத்தில் வருகிற ஒரு வரியை: ‘மீ ஆன் பூத்தேய்’, அதாவது எங்கே போத்தலில் அடைத்தது. ‘ஓ ஷாத்தோ’, ‘ஓ தொமேன்’, ‘அ லா புரொப்ரியேத்தே’ என்று முடிந்தால் விளைந்த பண்ணையிலோ அந்த ஊர்க் கூட்டுறவிலோ அடைத்தது. வேறு ஒரு வியாபாரியின் பெயரும் தபால் இலக்கமும் மட்டும் இருந்தால் வாங்கிக் கலந்து அடைத்தது. இரண்டாவது கெட்டது என்றில்லை. விலை சமமென்றால் நான் முதலாவதை எடுப்பேன்.

எங்கடை உறைப்புக் கறிக்கு வைன் சரிவராது எண்டு சொல்லுறாங்கள். உண்மையோ?

அரை உண்மை. துவர்ப்பும் அற்ககோலும் கூடிய சிவப்பு, மிளகாய் எரிச்சலை இன்னும் ஏற்றிவிடும். அதிக நேரம் ஊறவிட்ட பிளேன்ரீயை உறைப்புக் கறிக்கு மேல் குடித்துப் பாருங்கள், வாய் இழுக்கும். அதே துவர்ப்புத்தான் பெரிய போர்தோவிலும். எனவே ஆட்டிறைச்சிக் கறிக்கு 14.5 சதவீதச் சிவப்பைத் திறக்காதீர்கள். மேலே சொன்ன போஜொலே வில்லாஜை அரை மணி நேரம் குளிரூட்டியில் வைத்துக் குடியுங்கள்.

மீன்குழம்பு வேறு விஷயம், அதில் புளி இருக்கிறது. புளியம்பழத்தின் புளிப்பைத் தருவது டார்டாரிக் அமிலம். வைனின் புளிப்புக்கும் முக்கிய காரணம் அதே அமிலம்தான். சாப்பாட்டின் புளிப்பைவிட வைனின் புளிப்புக் குறைந்தால் வைன் தண்ணீர் மாதிரி இருக்கும். ஆகவே முஸ்கடே, தூரேன் சொவிஞோன், லாங்டொக் கடற்கரையின் பிக்பூல் து பினே போன்ற கூர்மையான வெள்ளைகள்தான் பொருத்தம். கணவாய்ப் பிரட்டலுக்கு பிக்பூலை அடிக்க ஆளில்லை.

தேங்காய்ப்பால் சேர்ந்த கறி, இறால், கத்தரிக்காய்ப் பால்கறி என்றால் மெல்லிய இனிப்பு உதவும். உறைப்பை அடக்குவதில் இனிப்புக்கு நிகர் இல்லை. அல்சாஸின் கெவுர்ஸ்திரமினேர், அல்லது ‘தெமி-செக்’ என்று எழுதிய வூவ்ரே. இரண்டும் பத்தைச் சுற்றி நிற்கும். எதுவும் யோசிக்க நேரமில்லை என்றால் நன்றாகக் குளிர்ந்த ரோசே. பெரிய பொருத்தம் என்று இல்லை, ஆனால் சண்டை பிடிக்காது.

எனக்கு அந்தப் புளிப்பே பிடிக்காது. இனிப்பா இருக்கவேணும். வெக்கமோ?

வெட்கமென்ன. லேபலில் ‘செக்’ என்றால் இனிப்பில்லை, ‘தெமி-செக்’ கொஞ்சம், ‘முவலே’ நன்றாக, ‘லிக்கோரே’ பாகு. ஆறு யூரோவுக்கு கபர்னே தான்ஜூ என்ற ரோசே கிடைக்கும், மெல்லிய இனிப்பு. இனிப்பான வைனை நன்றாகக் குளிர வைத்தே குடியுங்கள், இல்லாவிட்டால் திகட்டும்.

வெள்ளிக்கிழமை நான் சைவம். வைன் சைவந்தானே, திராட்சைதானே?

வெள்ளிக்கிழமை விரதத்தில் வைன் என்ன வேலை என்று அம்மா கேட்பார், அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கேள்வி நல்ல கேள்வி. கலங்கலைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கிற ஒரு பொருள் போன்றவற்றைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அவை அடியில் படிய, வைனை வடித்தெடுப்பார்கள். களிமண்ணை வைத்துத் தெளிய வைக்கிறவர்களும் உண்டு. கண்டிப்பாகப் பார்க்கிறவர் ‘வீகன்’ என்று எழுதியதை வாங்குங்கள், இப்போது பத்து யூரோவுக்குள்ளேயே நிறைய வருகிறது.

சல்ஃபைட் இருக்கு எண்டு போட்டிருக்கு. அதாலைதான் தலையிடியோ?

லீட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பாவில் 2005 முதல் அப்படி எழுதியே ஆகவேண்டும், அதனால் ஏறக்குறைய எல்லாப் போத்தலிலும் இருக்கும். இனிப்பில்லாத சிவப்புக்கு உச்ச அளவு லீட்டருக்கு 150 மில்லிகிராம், வெள்ளைக்கு 200. ஆக, சிவப்பில்தான் குறைவு; ஆனால் தலையிடி என்று சொல்கிறவர்கள் குற்றம் சாட்டுவது சிவப்பைத்தான். மஞ்சள் நிறம் மாறாத உலர்ந்த அப்ரிகொட்டில் கிலோவுக்கு 2000 வரை அனுமதி. அதைத் தின்று தலையிடிக்கவில்லை என்றால் சல்ஃபைட்டை விட்டுவிட்டு, எத்தனை கிளாஸ், இடையில் தண்ணீர் குடித்தீர்களா என்று பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மட்டும் சல்ஃபைட் உண்மையிலேயே ஒத்துவராமல் போகலாம், அவர்கள் மருத்துவரிடம் கேட்கட்டும்.

சிவப்பை அறை வெப்பத்திலை குடிக்கவேணும் எண்டுதானே சொல்லுறது?

அந்தச் சொல் வந்த காலத்தில் இங்கத்தைய அறைகள் 16, 17 பாகையில் இருந்தன. இன்று ஹீட்டர் போட்ட எங்கள் வீடு 22. கோடையில் மேல்மாடி வீடு 30. சிவப்பையும் இருபது நிமிடம் குளிரூட்டியில் வையுங்கள். மலிவான சிவப்பை முன்னேற்ற இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது. மிஞ்சினால் மூடியைப் போட்டு, சிவப்பையும் சேர்த்துக் குளிரூட்டியிலேயே வையுங்கள், மூன்று நாலு நாள் தாங்கும்.

பெட்டியிலை வாற வைன் வாங்க ஒரு மாதிரிக் கிடக்கு. ஆக்கள் என்ன நினைப்பினம்?

பிரெஞ்சுக்காரரே வாங்குகிறார்கள், நீங்கள் யாருக்குப் பயம்? உள்ளே ஒரு பை இருக்கிறது, குழாயால் எடுக்க எடுக்கப் பை சுருங்கும், காற்றுப் போகாது. திறந்த பிறகு ஒரு மாதம் நிற்கும். மூன்று லீட்டர் என்றால் நாலு போத்தல். போத்தல், தக்கைச் செலவு மிச்சம் என்பதால் (மேலே சொன்ன கணக்கு ஞாபகமிருக்கும்) அதே காசுக்கு உள்ளே நல்லது வரும். பதினைந்து யூரோவுக்கு நல்ல கோட் து ரோன் பெட்டி எடுக்கலாம். ஒரே ஒரு தொல்லை, எவ்வளவு குடித்தீர்கள் என்று வெளியிலிருந்து தெரியாது.

கலியாண வீட்டுக்கு ஷாம்பெயின்தான் வேணும் எண்டு பொம்பிளை வீட்டார் நிக்கினம். என்ன செய்யிறது?

கிரெமான் வாங்குங்கள். போத்தலுக்குள்ளேயே இரண்டாவது முறை புளிக்க வைத்து நுரை வரச் செய்கிற அதே முறைதான். ஈஸ்ட் மண்டியோடு கிரெமான் குறைந்தது ஒன்பது மாதம் கிடக்கும். ஷாம்பெயின் மொத்தம் குறைந்தது பதினைந்து மாதம் நிலவறையில் இருக்கும். கிரெமான் அல்சாஸ், லுவார், பூர்கோஞ், லிமூ என்று பல இடத்தில் வருகிறது. ஒரு போத்தலில் ஆறு கிளாஸ். 150 பேருக்கு 25 போத்தல். எட்டு யூரோப்படி 200. ஷாம்பெயின் 22 என்று வைத்தால் 550. மிச்சம் 350இல் இன்னொரு தட்டுப் பலகாரம் வைக்கலாம். கிளாஸில் ஊற்றிக் கொண்டுவந்தால் பெண் வீட்டாரில் பலருக்கு வித்தியாசம் தெரியாது, நான் ஊற்றிப் பார்த்திருக்கிறேன்.

இனிப்பு விரும்புகிறவர்கள் ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்ற சொல்லைக் கண்டு பயப்படத் தேவையில்லை. பெயர்தான் அப்படி, நுரை வைனில் அது ‘புரூட்’ என்று எழுதியதைவிட இனிப்புக் கூடியது.

ரெஸ்டோரண்டிலை கொஞ்சம் ஊத்திப்போட்டு முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறான். நான் என்ன சொல்லவேணும்?

நான்தான் அந்த ‘நிக்கிறான்’. பிடித்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, பழுதா என்று கேட்கிறேன். தக்கையில் வருகிற ஒரு பொருளால் சில போத்தல்கள் நனைந்த கடதாசிப் பெட்டி, மழையில் ஊறின பழைய பேப்பர் மாதிரி மணக்கும். அப்படி மணத்தால் தயங்காமல் சொல்லுங்கள், மாற்றித்தர வேண்டும். மணக்கவில்லை என்றால் தலையை ஆட்டினால் போதும். செலவு பார்க்கிறவர் போத்தலை விட்டு ‘பிஷே’ கேளுங்கள், கால் லீட்டர், அரை லீட்டர் குவளையில் வரும்.

நாளுக்கு ஒரு கிளாஸ் உடம்புக்கு நல்லது எண்டு சொல்லுறது?

இங்கத்தைய பொதுச் சுகாதார நிறுவனம் சொல்வது: கிழமைக்குப் பத்துக் கிளாஸுக்கு மேல் வேண்டாம், நாளுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், சில நாள் ஒன்றுமே வேண்டாம். அவர்களுடைய கிளாஸ் 10 கிராம் அற்ககோல். 12.5 சதவீதப் போத்தல் ஒன்றில் அது ஏழரை. ஏழரை என்றதும் சனி ஞாபகம் வந்தால் நல்லதுதான். கர்ப்பமாக இருப்பவருக்கு ஒரு துளியும் இல்லை. வாகனம் ஓட்டினால் இரத்தத்தில் லீட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை, புதுச் சாரதிக்கு 0.2. புதுச் சாரதிக்கு ஒரு கிளாஸே கூடிவிடும்.

‘சந்தெமிலியோன் கிரான் குரூ’ பதினொரு யூரோவுக்குக் கண்டனான். கிரான் குரூ இந்த விலைக்கோ? அடிச்சுதோ யோகம்?

யோகம் இல்லை. பூர்கோஞில் கிரான் குரூ என்றால் தனித்தனியாகப் பெயர் பெற்ற தோட்டங்கள், அங்கே 33தான். அல்சாஸில் 51 தோட்டங்கள். ஷாம்பெயினில் அது ஊருக்குக் கொடுத்த பட்டம், 17 ஊர். சந்தெமிலியோனில் மட்டும் ‘சந்தெமிலியோன் கிரான் குரூ’ என்பது ஒரு ஏ.ஓ.பி-யின் பெயர். சாதாரண சந்தெமிலியோனின் அதே நிலப்பரப்பு, விதி மட்டும் கொஞ்சம் இறுக்கம். அங்கே தரம் பிரித்த பண்ணைகளின் லேபலில் ‘கிரான் குரூ கிளாசே’ என்று அந்தக் கடைசிச் சொல்லும் இருக்கும். பதினொரு யூரோவுக்கு அது வராது. அந்தக் காசுக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் போய் மொந்தாஞ் எடுங்கள், அதிலேயே நல்ல பண்ணை கிடைக்கும்.

போன வருசம் நீங்கள் சொன்ன அதே வைனைச் செப்டம்பர் வைன் சந்தையிலை ஆறு போத்தல் எடுத்தன். அந்த ருசி இல்லையே, அண்ணை?

பெயரைப் பார்த்தீர்கள், வருடத்தைப் பார்க்கவில்லை. 2021 ஏப்ரலில் உறைபனி வந்து பிரான்ஸின் பெரும்பகுதியில் துளிர் கருகியது. 2022இல் வெயிலும் வறட்சியும், பழம் நன்றாகப் பழுத்து அற்ககோல் சதவீதம் ஏறியது. 2024இல் மழை, பூஞ்சை. ஒரே பண்ணை, ஒரே ஆள், மூன்று வித வைன். இது அரிசி மூட்டை இல்லை, போன வருடத்து ருசியை இந்த வருடமும் எதிர்பார்க்க.

செப்டம்பரில் சுப்பர்மார்க்கெட்டுகள் வைன் சந்தை போடும்போது நான் இப்படிச் செய்வேன். முதல் நாள் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு போத்தல், மூன்று நாலு வகை. அன்றிரவே திறந்து சாப்பாட்டோடு. பிடித்ததை அடுத்த நாள் கடை திறக்கும்போதே போய் ஆறு. போன முறை அப்படித்தான் லாங்டொக் பக்கத்து மினெர்வுவா ஒன்று பிடித்திருந்தது, காலையில் போனால் தட்டில் இரண்டுதான் மிச்சம், இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.